அணி மாறிய ஷோகன்: அஷிகாகா தக்காவுஜியும் சாமுராய் விசுவாசத்தின் கணக்கும்

1863-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு, கியோட்டோவின் தோஜி-இன் கோவிலுக்குள் சிலர் புகுந்தார்கள். அங்கிருந்த மூன்று மரச் சிலைகளின் தலைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், காமோ ஆற்றங்கரையில், வெட்டுண்ட குற்றவாளிகளின் தலைகளை ஊர் பார்க்க வைப்பதுபோல் வரிசையாக வைத்தார்கள். இவர்கள் ராஜதுரோகிகள் என்று எழுதிய பலகையும் பக்கத்தில் நட்டார்கள். ஒரு தலை அஷிகாகா தக்காவுஜியுடையது. மற்ற இரண்டும் அவருடைய மகன் யோஷியாகிரா, பேரன் யோஷிமிட்சு ஆகியோருடையவை. தக்காவுஜி இறந்து அப்போது 505 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஐந்நூறு ஆண்டு கழிந்தும் ஒரு மனிதர்மேல் இத்தனை ஆத்திரம் ஏன்? காமகுரா அரசின் படைத்தலைவராக இருந்தவர் அதே அரசைக் கவிழ்த்தார். யாருக்காகக் கவிழ்த்தாரோ அந்தப் பேரரசரையே மூன்று ஆண்டுக்குள் எதிர்த்தார். வேறொரு பேரரசரை அரியணையில் ஏற்றி ஷோகன் ஆனார். கடைசியில், சொந்தத் தம்பியை வீழ்த்துவதற்காக, பதினைந்து ஆண்டு தான் எதிர்த்து நின்ற அரசவையிடமே போய்ப் பணிந்தார். பச்சோந்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடித்தால் 14-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் என்ன நடந்தது என்பதே நமக்குப் புரியாமல் போய்விடும். விசுவாசம் என்பதை அந்தக் காலத்துப் போர்வீரர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை முதலில் பார்த்துவிட்டு இவரிடம் வருவோம்.

எல்லாம் நிலத்தில்தான் தொடங்குகிறது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான காமகுரா அரசு போர்வீரர்களின் அரசு. பேரரசர் கியோட்டோவில் இருந்தார். வாள் பிடித்த அதிகாரம் கிழக்கே காமகுராவில், ஷோகன் என்ற படைத்தலைவரின் பெயரால் நடந்தது. ஷோகனுக்குக் கட்டுப்பட்ட வீரர்களுக்கும் அவருக்கும் இருந்த உறவை இரண்டு சொற்களில் சொல்வார்கள்: கோ-ஓன், ஹோகோ. கோ-ஓன் என்பது மேலிருந்து வரும் அருள். உன் பரம்பரை நிலம் உனக்கே என்று எழுதிக் கொடுப்பது, போரில் உழைத்தவனுக்குப் புது நிலம் கொடுப்பது. ஹோகோ என்பது கீழிருந்து போகும் சேவை. கூப்பிட்டால் குதிரையோடும் ஆளோடும் வந்து நிற்பது, காவல் முறை பார்ப்பது.

செஞ்சோற்றுக்கடன் என்ற சொல் நமக்குத் தெரியும். உண்ட சோற்றுக்காக உயிரையே கொடுப்பது. சோறு போட்டவர் சரியானவரா தவறானவரா என்று கேட்கக் கூடாது. ஜப்பானிய ஏற்பாடு மேலோட்டமாக இதைப் போலத்தான் தெரியும். ஆனால் இங்கே கணக்கு உண்டு, அதுவும் இரண்டு பக்கமும் பார்க்கும் கணக்கு. சேவை செய்தவனுக்கு அருள் வரவில்லை என்றால் அவன் வாய்விட்டுக் கேட்கலாம். அதில் யாரும் வெட்கப்படவில்லை.

தக்கேசாக்கி சுயெனாகா என்ற வீரரின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1274-ல் மங்கோலியர் படையெடுத்தபோது கியூஷூ தீவில் முன்வரிசையில் நின்று சண்டை போட்டவர். வெகுமதி எதுவும் வரவில்லை. மறு ஆண்டு குதிரைகளையும் சேணங்களையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் சேர்த்து, நாட்டின் மறுகோடியில் இருந்த காமகுராவுக்குப் புறப்பட்டார். அங்கே அதிகாரியின் முன் உட்கார்ந்து தன் வழக்கைச் சொல்லி, ஒரு நிலத்தின் பொறுப்பையும் ஒரு குதிரையையும் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். பிறகு அதையெல்லாம் படச்சுருளாகவே வரைய வைத்தார். அந்தச் சுருள்கள் இன்றும் இருக்கின்றன.

எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. மங்கோலியரை 1274-லும் 1281-லும் விரட்டியாயிற்று, ஆனால் விரட்டியதால் ஓர் அடி நிலம்கூடக் கைக்கு வரவில்லை. பங்கிட்டுக் கொடுக்க எதுவும் இல்லாத வெற்றி அது. காமகுராவில் உண்மையான அதிகாரம் வைத்திருந்த ஹோஜோ குடும்பமோ பதவிகளைத் தன் கையிலேயே குவித்துக்கொண்டு போனது. அருள் நின்றுபோனால் சேவை எத்தனை நாளைக்கு நிற்கும்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்துப் போர்வீரர்கள் குஞ்சூஜோ என்றொரு தாளை வைத்திருந்தார்கள். போர்ச் சேவை அறிக்கை என்று சொல்லலாம். எந்தத் தேதியில் எங்கே சண்டை போட்டேன், என் ஆட்களில் யார் இறந்தார், யாருக்கு உடம்பில் எந்த இடத்தில் அம்பு பாய்ந்தது, இதைக் கண்ணால் பார்த்த சாட்சி யார் என்றெல்லாம் வரிசையாக எழுதித் தளபதியிடம் நீட்டுவார்கள். அவர் படித்துவிட்டு ஓரத்தில் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்ற பொருளில் ஒரு சொல் எழுதி, தன் அடையாளக் கையெழுத்தைப் போட்டுத் திருப்பித் தருவார். வீரன் அதைப் பத்திரமாக வைத்திருந்து நாளை நிலம் கேட்கும்போது எடுத்துக் காட்டுவான். பேரர்களும் காட்டுவார்கள். இப்படிப்பட்ட தாள்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. உயிரைப் பணயம் வைத்தவன் அதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டான் என்பதைப் படித்தபோதுதான் எனக்கு இந்தக் காலம் பிடிபட்டது. விசுவாசம் அவர்களுக்குப் பொய்யான உணர்வு அல்ல. ஆனால் அதற்கு ரசீது உண்டு.

சரி, இப்போது தக்காவுஜி.

அவர் பிறந்தது 1305-ல். அஷிகாகா குடும்பம் மினமோத்தோ வம்சத்தின் கிளை. காமகுரா அரசை நிறுவிய முதல் ஷோகனும் அதே வம்சம்தான். ஹோஜோக்கள் ஷோகனின் பெயரால் ஆட்சி நடத்தினார்களே தவிர, குலப் பெருமையில் அஷிகாகாக்கள் அவர்களைவிட மேலே இருந்தார்கள். அதனால் ஹோஜோக்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து அவர்களை அருகிலேயே வைத்துக்கொண்டார்கள். தக்காவுஜியின் மனைவியும் ஹோஜோ குலத்துப் பெண். அவளுடைய அண்ணன்தான் காமகுராவின் கடைசி ஆட்சிப் பொறுப்பாளர்களில் ஒருவர்.

பெயரிலும் இந்த உறவு இருந்தது. பையன் பெரியவனாகும் சடங்கில், தலைவர் தன் பெயரிலிருந்து ஓர் எழுத்தை அவனுக்குத் தருவது வழக்கம். ஹோஜோ தக்காதோக்கியின் பெயரிலிருந்து வந்ததுதான் தக்காவுஜியின் ‘தக்கா’. உயரம் என்று பொருள். இந்த எழுத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

1331-ல் பேரரசர் கோ-தைகோ காமகுராவுக்கு எதிராகச் சதி செய்தது வெளிப்பட்டது. அவர் தப்பி ஓட, அவரைப் பிடிக்கப் படை போயிற்று. தக்காவுஜிக்கும் உத்தரவு வந்தது. அப்போதுதான் அவருடைய அப்பா இறந்திருந்தார், துக்கம் கழியவில்லை. போனார். பேரரசர் பிடிபட்டு ஓகி தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஆனால் 1333-ல் அவர் தீவிலிருந்து தப்பிவிட, மேற்கே கலகம் பற்றிக்கொண்டது. மறுபடியும் தக்காவுஜிக்கு உத்தரவு. அந்தக் காலப் போர்க்கதையான தைஹெய்கி சொல்வதன்படி, இந்த முறை ஹோஜோக்களுக்குச் சந்தேகம் வந்து, மனைவியையும் சின்ன மகனையும் காமகுராவில் பிணையாக விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், சத்தியமும் எழுதி வாங்கினார்கள்.

கியோட்டோவைத் தாண்டி ஷினோமுரா என்ற கிராமத்துக்குப் போனதும் தக்காவுஜி நின்றார். அங்கே ஒரு ஹச்சிமான் கோவில் இருந்தது. ஹச்சிமான் மினமோத்தோ வம்சத்தின் குலதெய்வம், போர்வீரர்களின் தெய்வம். அங்கே வேண்டுதல் ஓலை சமர்ப்பித்து, பேரரசர் பக்கம் போவதாக அறிவித்தார். உடன் வந்தவர்கள் ஆளுக்கொரு அம்பைக் காணிக்கையாக வைக்க, அது மேடாகக் குவிந்தது என்கிறது கதை. அம்பு மேடு என்று ஓர் இடத்தை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். அங்கிருந்து படையைத் திருப்பி, கியோட்டோவில் காமகுராவின் தலைமையகமாக இருந்த ரொக்குஹாராவைத் தாக்கி வீழ்த்தினார். பழைய நாட்காட்டிப்படி அது ஐந்தாம் மாதம் 7-ஆம் தேதி. அதே மாதம் 22-ஆம் தேதி, கிழக்கே நித்தா யோஷிசதா என்ற இன்னொரு தளபதியின் படை காமகுராவைப் பிடித்தது. ஹோஜோ தக்காதோக்கியும் அவரைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோரும் தோஷோ-ஜி கோவிலில் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒன்றரை நூற்றாண்டு அரசு பதினைந்தே நாளில் இல்லாமல் போயிற்று.

தக்காவுஜி கொடுத்த விலையும் சின்னது அல்ல. மனைவியும் சின்ன மகனும் தப்பித்தார்கள். மூத்த மகன், வேறொரு பெண்ணுக்குப் பிறந்தவன், தப்பியோடும் வழியில் கொல்லப்பட்டான். மனைவியின் அண்ணன் காமகுராவைக் காத்துச் சண்டையிட்டு இறந்தார்.

பேரரசர் மகிழ்ந்து தன் இயற்பெயரான தக்காஹாருவிலிருந்து ஓர் எழுத்தைக் கொடுத்தார். அதன் ஒலியும் ‘தக்கா’தான்! ஆனால் எழுத்து வேறு. மதிப்புக்குரிய என்று பொருள்படுவது. பெயரைக் கூப்பிட்டால் ஒரு மாற்றமும் தெரியாது, எழுதிக் காட்டினால்தான் எஜமானர் மாறியது தெரியும். இன்று நாம் எழுதும் தக்காவுஜி, அந்தப் பேரரசர் கொடுத்த எழுத்தால் எழுதப்படுவது. அவரோடு போரிட்ட பிறகும் தக்காவுஜி அந்த எழுத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை.

கோ-தைகோ எல்லா அதிகாரத்தையும் பேரரசர் கைக்கே கொண்டுவர முயன்றார். கென்மு மறுமலர்ச்சி என்று இதற்குப் பெயர். துணிச்சலான முயற்சி, ஆனால் சண்டை போட்டவர்களின் கணக்கைத் தீர்ப்பதில் தடுமாறிப்போனது. நில வழக்குகள் குவிந்தன, ஒரே நிலத்துக்கு முரண்பட்ட ஆணைகள் வந்தன. 1334-ல் கியோட்டோவின் ஆற்றங்கரையில் யாரோ எழுதி வைத்த ஒரு கிண்டல் பாட்டு, இப்போது தலைநகரில் மலிந்து கிடப்பவை இரவுத் தாக்குதல், கொள்ளை, போலி அரசாணை என்று தொடங்குகிறது. அக்கமாட்சு என்ற தளபதி பேரரசருக்காக உயிரைக் கொடுத்துப் போராடியவர். அவரிடமிருந்த மாகாணப் பொறுப்பையே பறித்துவிட்டார்கள். பின்னாளில் அவர் தக்காவுஜியின் உறுதியான கூட்டாளி ஆனதில் வியப்பில்லை. அணி மாறியது ஒரு மனிதர் அல்ல. ஒரு வர்க்கமே மாறிக்கொண்டிருந்தது. அது போய்ச் சேர்ந்த இடம்தான் தக்காவுஜி.

1335-ல் ஹோஜோ குடும்பத்து வாரிசு ஒருவர் படை திரட்டிக் காமகுராவைப் பிடித்துக்கொண்டார். அங்கே பொறுப்பில் இருந்தது தக்காவுஜியின் தம்பி ததயோஷி. தம்பியைக் காப்பாற்றப் போக வேண்டும், ஷோகன் பட்டம் கொடுங்கள் என்று தக்காவுஜி கேட்டார். பேரரசர் மறுத்தார். அனுமதி இல்லாமலே போய் நகரத்தை மீட்டார். மீட்டதும் அங்கேயே தங்கி, உடன் வந்தவர்களுக்கு நிலம் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கினார். கோ-ஓன் வழங்கும் உரிமை யாருக்கு என்பதுதான் மொத்தச் சண்டையும். அதைத் தன் கையில் எடுத்துக்கொண்ட அந்தக் கணமே அவர் கலகக்காரர் ஆகிவிட்டார்.

ஆனால் பேரரசரின் படை வருகிறது என்றதும் இவர் செய்த காரியம் எந்தக் கணக்குக்கும் அடங்காதது. ஒரு கோவிலுக்குள் போய்க் குடுமியை அறுத்துக்கொண்டு, நான் துறவியாகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். தம்பிதான் படையோடு போனார், தோற்றுக்கொண்டே வந்தார். தம்பி சாகப் போகிறான் என்ற நிலை வந்த பிறகே இவர் வெளியே வந்தார். அறுந்த குடுமியோடு இவர் தனியாகத் தெரியக் கூடாது என்று வீரர்களும் தங்கள் முடியை அதேபோல் வெட்டிக்கொண்டார்களாம். ஹக்கோனே மலைப் பக்கத்தில் நடந்த சண்டையில், எதிர்ப் படையில் ஒரு பகுதி நடுப்போரிலேயே இவர் பக்கம் வந்துவிட்டது.

அடுத்த ஐந்து மாதங்கள் மூச்சுவிட நேரமில்லாதவை. 1336 தொடக்கத்தில் கியோட்டோவைப் பிடித்தார். மாத இறுதிக்குள் இழந்தார். மேற்கே கியூஷூவுக்கு ஓடினார். ஓடும் வழியில் ஒன்று செய்தார், அதுதான் அவரைக் காப்பாற்றியது: அரியணையிலிருந்து இறக்கப்பட்டிருந்த இன்னொரு கிளையின் முன்னாள் பேரரசர் கோகோனிடமிருந்து ஓர் ஆணை பெற்றார். அரச குடும்பம் அப்போது இரண்டு கிளைகளாகப் பிரிந்து, அரியணைக்கு முறை வைத்துக்கொண்டிருந்தது. கோ-தைகோ ஒரு கிளை, கோகோன் மறு கிளை. அந்த ஒரு தாள் கைக்கு வந்ததும், பேரரசரின் எதிரி என்ற பட்டம் போய், ஒரு பேரரசருக்காகப் போராடுபவர் என்ற நிலை வந்தது. தயங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் சேர அதுவே போதுமாக இருந்தது. தத்தராஹாமா கடற்கரையில் வென்று, படை பெருகி, ஐந்தாம் மாதம் 25-ஆம் தேதி இன்றைய கோபே நகரத்துக்குள் இருக்கும் மினத்தோகாவாவில் பேரரசரின் படையை உடைத்தார்.

அங்கே இறந்தவர் குசுனோக்கி மசாஷிகே. கடைசிவரை கோ-தைகோவை விடாதவர், தோல்வி உறுதி என்று தெரிந்தும் போனவர். தைஹெய்கி சொல்வது: தக்காவுஜி அவருடைய தலையை மரியாதையோடு குடும்பத்துக்கு அனுப்பி வைத்தார். தக்காவுஜி பக்கம் நின்று எழுதப்பட்ட பைஷோரோன் நூல் இன்னொன்று சொல்கிறது: வீரர்களின் மனம் தக்காவுஜியிடம் இருக்கிறது, அவரை அழைத்துச் சமாதானம் செய்துகொள்ளுங்கள் என்று பேரரசரிடம் முன்பே சொன்னவர் இதே மசாஷிகே. எதிரிகள் ஒருவரையொருவர் இவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

எட்டாம் மாதம் கோகோனின் தம்பி கோம்யோ பேரரசர் ஆனார். இரண்டே நாள் கழித்து, 17-ஆம் தேதி, தக்காவுஜி கியோட்டோவின் கியோமிசு கோவிலுக்கு ஒரு வேண்டுதல் எழுதினார். இந்த உலகம் கனவு போன்றது. சீக்கிரம் துறவு பூண விரும்புகிறேன். இம்மையின் நற்பேறுக்குப் பதிலாக எனக்கு மறுமையைக் கொடுங்கள். இம்மையின் நற்பேற்றையெல்லாம் ததயோஷிக்குக் கொடுத்து அவனைப் பத்திரமாகக் காத்தருளுங்கள். இதுதான் அதன் சாரம். நாடே கைக்குள் வந்த வாரத்தில் எழுதியது. இதை நடிப்பு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கோ-தைகோ அந்த ஆண்டின் இறுதியில் தப்பித் தெற்கே யோஷினோ மலைக்குப் போய், நானே உண்மையான பேரரசர் என்றார். அன்றிலிருந்து 1392 வரை ஜப்பானில் இரண்டு அரசவைகள்: வடக்கே கியோட்டோ, தெற்கே யோஷினோ. 1338-ல் தக்காவுஜி ஷோகன் ஆனார். மறு ஆண்டு கோ-தைகோ யோஷினோவிலேயே இறந்தார். எதிரி ஒழிந்தான் என்று இவர் இருக்கவில்லை. அவருடைய ஆன்மா சாந்தியடைய கியோட்டோவின் மேற்கே தென்ரியூ-ஜி என்ற பெரிய கோவிலைக் கட்டினார். பணம் போதாமல் சீனாவுக்கு வணிகக் கப்பல் அனுப்பி அந்த லாபத்தில் கட்டி முடித்தார்கள். முசோ சொசெக்கி என்ற ஜென் துறவி அதன் முதல் தலைவர். ஷோகனிடம் மூன்று குணங்களை அவர் புகழ்ந்ததாக ஒரு குறிப்பு உண்டு: போரில் சாவைக் கண்டு அஞ்சமாட்டார், யாரையும் வெறுக்கமாட்டார், கை தாராளம். எட்டாம் மாதத்து முதல் நாள் பரிசுப் பொருள்கள் மலையாகக் குவியும். மாலைக்குள் வந்தவர் போனவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து எதுவுமே மிஞ்சாதாம்.

இரண்டு அரசவைகள் இருந்ததால் ஒரு வினோத நிலை உருவானது. யாருக்கும் எப்போதும் போக இன்னொரு வாசல் இருந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் வடக்கு, தம்பி தெற்கு என்று நிலத் தகராறு அரசவைத் தகராறாக மாறியது. சரணடைந்து வருபவனுக்கு அவன் நிலத்தில் பாதியை விட்டுவிடும் வழக்கமே இருந்தது. அணி மாறினாலும் பாதி மிஞ்சும் என்றால் மாறத் தயக்கம் எதற்கு? யமானா தோக்கியுஜி என்ற தளபதி ஆண்டுக்கணக்கில் ஷோகனை எதிர்த்துவிட்டு 1363-ல் திரும்பி வந்தபோது ஐந்து மாகாணங்களை வைத்துக்கொள்ள அனுமதி பெற்றே வந்தார்.

அந்த வாசல் தக்காவுஜியின் வீட்டுக்குள்ளேயே திறந்தது. படையும் வெகுமதியும் அண்ணன் பொறுப்பு, வழக்கும் நிர்வாகமும் தம்பி பொறுப்பு என்று ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அண்ணனின் காரியஸ்தர் கோ நோ மோரோநாவோவுக்கும் ததயோஷிக்கும் ஆகவில்லை. பகை முற்றி, 1350-ல் ததயோஷி தெற்கு அரசவையோடு சேர்ந்துகொண்டு அண்ணனைத் தோற்கடித்தார். 1351 இரண்டாம் மாதம் 26-ஆம் தேதி மோரோநாவோ கொல்லப்பட்டார். சமாதானம் சில மாதம்கூட நிற்கவில்லை. அந்த ஆண்டே தக்காவுஜி தானே தெற்கு அரசவைக்குப் பணிந்து, தான் ஏற்றிவைத்த வடக்குப் பேரரசரைக் கைவிட்டு, தம்பியைத் துரத்திக்கொண்டு கிழக்கே போனார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ததயோஷி சரணடைந்தார். காமகுராவில் காவலில் இருந்தபோது, 1352 இரண்டாம் மாதம் 26-ஆம் தேதி இறந்தார். மோரோநாவோ இறந்து சரியாக ஓர் ஆண்டு. விஷம் வைக்கப்பட்டது என்கிறது தைஹெய்கி. சில வாரங்களிலேயே தெற்கு அரசவை ஒப்பந்தத்தை உடைத்துக் கியோட்டோவைத் தாக்க, தக்காவுஜி மறுபடியும் அதற்கு எதிரியானார்.

துரோகி என்ற முத்திரை ஆழமாக விழுந்தது பின்னால். எஜமானனுக்காகக் கேள்வி கேட்காமல் சாகும் சாமுராய் என்று இன்று நாம் நினைக்கும் உருவம், போரே இல்லாத தோக்குகாவா காலத்தில், 17-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு வளர்ந்தது. 1911-ல் தெற்கு அரசவையே முறையானது என்று பள்ளிப் பாடநூல்களில் முடிவானது. மசாஷிகேவுக்குத் தோக்கியோ அரண்மனைக்கு வெளியே குதிரைமேல் வெண்கலச் சிலை. தக்காவுஜியைப் பாராட்டி முன்பு எழுதிய கட்டுரைக்காக 1934-ல் ஓர் அமைச்சர் பதவி விலக வேண்டியிருந்தது. 14-ஆம் நூற்றாண்டு வீரனிடம் இல்லாத அளவுகோலால் அவரை அளந்தார்கள்.

1358 இரண்டாம் மாதத்தில், இறந்து ஆறு ஆண்டாகியிருந்த ததயோஷிக்கு அரசவையில் இரண்டாம் நிலைப் பதவி வழங்கப்பட்டது. நான்காம் மாதம் 30-ஆம் தேதி, முதுகில் வந்த ஒரு கட்டியால் தக்காவுஜி கியோட்டோவில் இறந்தார். அந்த ஆண்டே பேரன் யோஷிமிட்சு பிறந்தான். 1392-ல் இரண்டு அரசவைகளையும் ஒன்றாக்கியவன். கழற்றப்பட்ட மூன்று தலைகளில் ஒன்று அவனுடையது. தோஜி-இன் கோவிலில் அஷிகாகா ஷோகன்களின் மரச் சிலைகள் இன்றும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வெளியே தோட்டத்தில், செடிகளுக்கு நடுவே, ஆளுயரம்கூட வராத ஒரு கல் ஸ்தூபி இருக்கிறது. அது தக்காவுஜியின் சமாதி.